200ஆவது டர்னுக்குப் பிறகு: சிவிலைசேஷன் ஆட்டத்தை எப்படி முடிப்பது?

பிள்ளைகள் 'சிவிலைசேஷன்' ஆடும் வீடா உங்களுடையது? சேமித்து வைத்த பழைய ஆட்டங்களின் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒன்று 190ஆவது டர்னில் நிற்கும். இன்னொன்று 215இல். இன்னொன்று 230இல். எதுவும் முடிந்திருக்காது. ஒவ்வொன்றிலும் ஏழெட்டு நகரங்கள், பல்கலைக்கழகம், துறைமுகம், பீரங்கிப்படை என்று ஒரு சாம்ராஜ்யமே தூங்கிக்கொண்டிருக்கும். "ஏன் பாதியில விட்டுட்டே?" என்று கேட்டால், "போரடிக்குதும்மா, ஒரு டர்ன் முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது" என்று பதில் வரும். சொல்லிக்கொண்டே புது ஆட்டம் ஒன்றை முதல் டர்னிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள்.

பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்த அப்பா அம்மாக்களுக்கும் இதே கதைதான். முதல் நகரத்தை எங்கே வைப்பது, முதலில் என்ன கட்டுவது என்று சொல்லித்தர ஏகப்பட்ட வீடியோக்கள் இருக்கின்றன. கடைசி நூறு டர்னில்தான் எல்லாரும் திணறுகிறோம். இந்தக் கட்டுரை அந்தக் கடைசி நூறைப் பற்றியது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. சிட் மையர் உருவாக்கிய முதல் 'சிவிலைசேஷன்' 1991இல் வந்தது. இங்கே பேசப்போகிற, ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கிய ஆறாம் பாகம் 2016 அக்டோபரில் வெளிவந்தது. அதன் மேல் 2018இல் 'ரைஸ் அண்ட் ஃபால்', 2019இல் 'கேதரிங் ஸ்டார்ம்' என்று இரண்டு பெரிய விரிவாக்கங்கள் வந்தன. கி.மு. 4000இல் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு தொடங்கி, நகரம் நகரமாக வளர்ந்து, விண்வெளி யுகம்வரை போகிற ஆட்டம் இது. நீங்கள் 'நெக்ஸ்ட் டர்ன்' அழுத்தும்வரை கடிகாரம் ஓடாது, அவசரமே இல்லை. சாதாரண வேகத்தில் மொத்தம் 500 டர்ன். அமெரிக்க வயது மதிப்பீட்டில் 10க்கு மேல், ஐரோப்பிய மதிப்பீட்டில் 12க்கு மேல்.

திரையில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், ஆட்டத்துக்குள் வரும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது சட்டென்று அடையாளம் தெரியும். 'கேதரிங் ஸ்டார்ம்' சேர்த்த ஆட்டத்தையே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கே சிக்குகிறோம்?

முதல் நூறு டர்னும் கண்டுபிடிப்புதான். மூலையைத் தாண்டினால் ஒரு மலை, மலையைத் தாண்டினால் ஒரு அண்டை நாடு. எடுக்க வேண்டிய முடிவு ஒன்றோ இரண்டோதான், ஆனால் ஒவ்வொன்றும் பெரிசு. 200ஆவது டர்னில் நிலைமை தலைகீழ். பன்னிரண்டு நகரங்கள் இருந்தால் பன்னிரண்டும் 'அடுத்து என்ன கட்ட?' என்று கேட்கும். வணிகர்கள் வழி கேட்பார்கள். ஒற்றர்கள் வேலை கேட்பார்கள். எங்கேயோ பனிக்கட்டிக்கு நடுவில் நிறுத்தி வைத்த பழைய குதிரைப்படை 'நான் என்ன செய்ய?' என்று நிற்கும். எடுக்க வேண்டிய முடிவு முப்பது, ஆனால் எல்லாமே சின்னது.

இதற்குக் காரணம் ஆட்டத்தின் குறை மட்டும் இல்லை. முதல் இருநூறு டர்ன் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் ஒன்று இருக்கிறது: எல்லாவற்றிலும் வளர். நிலம் கிடைத்தால் நகரம் வை, அதிசயம் கட்ட முடிந்தால் கட்டு, எந்த ஆராய்ச்சி சீக்கிரம் முடியுமோ அதை எடு. ஆரம்பத்தில் இது சரியான பழக்கம். 200ஆவது டர்னில் வைக்கும் புது நகரம் பள்ளிக்கூடம் கட்டி, மக்கள்தொகை ஏறி, ஏதாவது பலன் தருவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். இந்த இடத்தில் நம் வேலை மாறுகிறது. இனி வளர்ப்பது இல்லை, முடிப்பது. எப்படி ஜெயிக்கப்போகிறோம் என்று ஒரே ஒரு முடிவை எடுத்துவிட்டால், மற்ற முப்பது சின்ன முடிவுகளில் இருபத்தைந்து தானாகவே விழுந்துவிடும். 'இது அந்த வெற்றிக்கு உதவுமா?' என்ற ஒரே கேள்வி போதும்.

அந்த ஒரு திரை

திரையின் மேல் வலது ஓரத்தில் 'வேர்ல்ட் ரேங்கிங்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. பல பிள்ளைகள் அதைத் திறப்பதே இல்லை. ஒவ்வொரு வகை வெற்றியிலும் யார் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பது முழுக்க அதில் தெரியும். 150ஆவது டர்னுக்குப் பிறகு பத்து டர்னுக்கு ஒருமுறை அதைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

வெற்றிக்கு ஆறு வழிகள். அறிவியல், கலாசாரம், படைபலம், மதம், ராஜதந்திரம். இந்த ஐந்தும் யாருக்கும் கைகூடாமல் 500 டர்னும் ஓடிவிட்டால், யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் ஜெயிப்பார். புள்ளி வெற்றிக்காகக் காத்திருப்பது கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு உட்காருகிற மாதிரி. அந்த நேரத்துக்குள் வேறு யாராவது சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஆசையைப் பார்க்காமல், கையில் இருப்பதைப் பாருங்கள். நகரங்களில் 'கேம்பஸ்' நிறைய இருக்கிறதா? அறிவியல். 'தியேட்டர் ஸ்கொயர்', அதிசயங்கள், ஓவியங்கள், சிற்பங்கள் குவிந்திருக்கிறதா? கலாசாரம். சின்னச் சின்ன நகர அரசுகள் பலவும் உங்கள் பக்கம் இருக்கின்றனவா? ராஜதந்திரம். மத வெற்றிக்கு உலகத்தின் எல்லா நாடுகளிலும் பாதிக்கு மேற்பட்ட நகரங்கள் உங்கள் மதத்துக்கு வர வேண்டும். 200ஆவது டர்னில் அதில் பாதி தூரமாவது வந்திருக்காவிட்டால் மறந்துவிடலாம். படைபலத்துக்கு ஒவ்வொரு எதிரியின் முதல் தலைநகரத்தையும் பிடிக்க வேண்டும். பின்பகுதியில் ஒவ்வொரு படையையும் கையால் நகர்த்தி நகர்த்தி அலுத்துப்போகும், ஆரம்பநிலை ஆட்டக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன்.

என் சிபாரிசு அறிவியல். அது மட்டும்தான் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அதிகம் நம்பி இல்லாதது. நீங்கள் பாட்டுக்குக் கட்டிக்கொண்டே போகலாம், மிச்சம் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணலாம்.

பின்னாலிருந்து எண்ணுவது

அறிவியல் வெற்றிக்கு நாலு படி. 'ராக்கெட்ரி' ஆராய்ச்சி முடிந்ததும் 'ஸ்பேஸ்போர்ட்' கட்டலாம். அதிலிருந்து முதலில் செயற்கைக்கோள். அது மேலே போனதும் உலக வரைபடம் முழுவதும் திறந்துவிடும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த கட்டம். அடுத்து 'சாட்டிலைட்ஸ்' ஆராய்ச்சி முடித்து நிலாவுக்கு. பிறகு 'நானோடெக்னாலஜி' முடித்து செவ்வாய்க்கு. கடைசியில் 'ஸ்மார்ட் மெட்டீரியல்ஸ்' முடித்து வேறொரு சூரியக் குடும்பத்துக் கோளுக்கு ஒரு பயணம். அந்தக் கப்பல் கிளம்பினால் மட்டும் போதாது, 50 ஒளியாண்டு தூரம் போய்ச்சேர வேண்டும். ஒரு டர்னுக்கு ஒரு ஒளியாண்டு.

ஆரம்பநிலையில் இருப்பவர் இடறுவது இரண்டு இடத்தில். முதலாவது ஸ்பேஸ்போர்ட். சாதாரண வேகத்தில் அதற்கு 1800 உற்பத்தி வேண்டும். டர்னுக்கு 30 உற்பத்தி தருகிற நகரத்தில் ஆரம்பித்தால் 60 டர்ன். 60 தருகிற நகரத்தில் என்றால் 30 டர்ன். 90 தருகிற நகரத்தில் 20. ஆகவே ராக்கெட்ரி வரும்வரை காத்திருக்காமல், ஐம்பது டர்னுக்கு முன்பே 'எங்கள் ஸ்ரீஹரிகோட்டா இதுதான்' என்று ஒரு நகரத்தை முடிவு செய்துவிட வேண்டும். அங்கே சுரங்கங்கள், தொழிற்சாலை, மின்சாரம் எல்லாம் தயாராகட்டும். வணிகர்களை அந்த நகரத்திலிருந்து உங்களுடைய மற்ற நகரங்களுக்கே அனுப்புங்கள். உள்நாட்டு வணிகம் கிளம்பும் நகரத்துக்கு உணவும் உற்பத்தியும் தரும். ஸ்பேஸ்போர்ட் சமதளத்தில்தான் அமையும், குன்றில் கட்ட முடியாது. அதற்கென்று ஒரு கட்டத்தை காலியாக விட்டு, வரைபடத்தில் 'மேப் டேக்' குத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அதே இடத்தில் வேறு எதையாவது கட்டிவிட்டுப் பிறகு தலையில் கைவைக்க வேண்டியதுதான். பக்கத்துக் காடுகளையும் வெட்டாமல் வைத்திருக்கலாம். ஸ்பேஸ்போர்ட் கட்டும்போது தொழிலாளர்களை அனுப்பி வெட்டினால் ஒரே அடியில் உற்பத்தி கிடைக்கும். 'மேக்னஸ்' என்ற ஆளுநர் அந்த நகரத்தில் இருந்தால் பாதி மடங்கு கூடுதலாகவும் கிடைக்கும்.

இரண்டாவது இடறல், கப்பல் கிளம்பியபின் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது. 300ஆவது டர்னில் கிளம்பினால் 350இல் சேரும், அதுவரை நெக்ஸ்ட் டர்ன், நெக்ஸ்ட் டர்ன் என்று அழுத்திக்கொண்டிருப்பார்கள். 'ஆஃப்வேர்ல்ட் மிஷன்' என்ற ஆராய்ச்சி முடிந்தால் லேசர் நிலையங்கள் அமைக்கும் திட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு நிலையமும் கப்பலின் வேகத்தை டர்னுக்கு ஒரு ஒளியாண்டு கூட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பத்து டர்னில் 10 ஒளியாண்டு போயாச்சு, மிச்சம் 40. அப்போது இரண்டு லேசர் முடிந்தால் வேகம் 3 ஆகிறது, 14 டர்னில் சேர்ந்துவிடும். ஐம்பது டர்ன் இருபத்துநாலாகக் குறைந்துவிட்டது. லேசர் திட்டங்களை ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பேஸ்போர்ட்டுகளில் ஒரே சமயத்தில் நடத்தலாம் என்பதால், இரண்டாவது, மூன்றாவது ஸ்பேஸ்போர்ட் கட்டுவது வீண்செலவு இல்லை. முதல் கப்பல் திட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்ற நல்ல நகரங்களில் ஆரம்பித்துவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். கடைசி யுகத்தின் ஆராய்ச்சி வரிசை ஒவ்வொரு ஆட்டத்திலும் கலைத்துப் போடப்பட்டிருக்கும், எதற்குப் பிறகு எது வரும் என்று முன்கூட்டியே முழுக்கத் தெரியாது. போன ஆட்டத்து ஞாபகத்தை நம்பிப் போகாதீர்கள்.

இன்னும் இரண்டு உதவிகள். 'கிரேட் பீப்பிள்' பட்டியலில் கடைசியில் வரும் சிலர் விண்வெளித் திட்டங்களுக்கு மொத்தமாக உற்பத்தி தருவார்கள். விஞ்ஞானிகளில் கார்ல் சேகன், பொறியாளர்களில் செர்கெய் கொரொலியாவ் இப்படிப்பட்டவர்கள். கையில் தங்கம் இருந்தால் இவர்களை விலைக்கே வாங்கலாம். பொதுவாகவே பின்பகுதியில் தங்கத்தைச் சேர்த்து வைப்பதில் அர்த்தமில்லை. கடைசி டர்னில் கஜானா நிறைந்திருந்தால் அதற்குப் பரிசு கிடையாது. ஆராய்ச்சிக்கூடம், தொழிற்சாலை என்று தேவையானதை வாங்கிப் போடுங்கள்.

கட்ட ஒன்றும் இல்லாத நகரங்களுக்கு 'கேம்பஸ் ரிசர்ச் கிராண்ட்ஸ்' என்ற திட்டத்தை வரிசையில் நாலைந்து முறை போட்டு விட்டுவிடலாம். அறிவியல் புள்ளியும் வரும், அந்த நகரம் பலமுறை குறுக்கே வந்து கேள்வியும் கேட்காது. டர்னுக்கு அஞ்சு நிமிஷம் என்பது ஒரு நிமிஷமாகிவிடும்.

யாரையும் அடிக்காமலே தோற்பது

எங்கள் வீட்டில் ஒரு ஆட்டம் நாலு வாரம் ஓடியது. என் மகள் நிலாவுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். செவ்வாய்க்குப் பாதி வேலை முடிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை காலை நெக்ஸ்ட் டர்ன் அழுத்தினாள், திரை மாறியது. கிரேக்க நாட்டின் பெரிக்ளிஸ் கலாசார வெற்றி பெற்றார். "நான் யார்கிட்டயும் சண்டையே போடலையே, எப்படிம்மா தோத்தேன்?" என்று கேட்டாள். கண் கலங்கிவிட்டது. நாலு வாரம் என்பது அந்த வயதில் சின்ன விஷயம் இல்லை.

நடந்தது இதுதான். கலாசார வெற்றியின் கணக்கு சுற்றுலாப் பயணிகளை வைத்து. ஒவ்வொரு நாட்டுக்கும் உள்நாட்டுப் பயணிகள் என்று ஒரு எண்ணிக்கை உண்டு, அந்த நாடு ஆரம்பத்திலிருந்து சேர்த்த கலாசாரப் புள்ளிகளிலிருந்து வருவது. ஒரு நாட்டுக்கு வருகிற வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை, மற்ற நாடுகளில் யாருக்கு உள்நாட்டுப் பயணிகள் அதிகமோ அவர்களையும் தாண்டிவிட்டால் அந்த நாட்டுக்கு வெற்றி. அதாவது பெரிக்ளிஸ் ஜெயிக்க, எங்கள் வீட்டு மகாராணியின் உள்நாட்டுப் பயணிகளையும் தாண்ட வேண்டியிருந்தது. அவளிடம் இருந்ததெல்லாம் கேம்பஸ், கலாசாரத்துக்கு ஒரே ஒரு தியேட்டர் ஸ்கொயர். தாண்டுவதற்கு ரொம்பக் குட்டையான சுவர்.

அறிவியல் வழியில் போகிறவரும் மூன்று நாலு நகரங்களில் தியேட்டர் ஸ்கொயர் கட்டியே ஆக வேண்டும் என்பது இதனால்தான். அது ஜெயிக்க அல்ல, தோற்காமல் இருக்க. ஒரு எதிரியின் பயணிகள் எண்ணிக்கை வேகமாக ஏறுவது வேர்ல்ட் ரேங்கிங்ஸில் தெரிந்தால் உடனே செய்யக்கூடியவை உண்டு. அவர்களோடு 'ஓபன் பார்டர்ஸ்' ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள். அவர்களுக்குப் போகும் உங்கள் வணிகப் பாதையை வேறு பக்கம் திருப்புங்கள். இரண்டுமே அவர்களுடைய சுற்றுலாக் கவர்ச்சியை உங்கள் மேல் கூட்டுபவை.

மற்ற வெற்றிகளுக்கும் இப்படிக் காவல் வேண்டும். ராஜதந்திர வெற்றிக்கு 20 புள்ளி. உலக மாநாட்டில் ஓட்டுப் போட்டும், பேரிடர் நிவாரணப் போட்டிகளில் ஜெயித்தும், சில அதிசயங்களைக் கட்டியும் சேர்க்கலாம். பிந்தைய மாநாடுகளில் ஒரு நாட்டுக்கு 2 புள்ளி கொடுப்பதா, எடுப்பதா என்ற தீர்மானம் வரும். ஒரு எதிரி 16, 17 என்று நெருங்கினால், சேர்த்து வைத்த 'டிப்ளமேடிக் ஃபேவர்' முழுவதையும் அவரிடமிருந்து எடுக்கிற பக்கம் போடுங்கள். முதல் ஓட்டு இலவசம், அடுத்த ஒவ்வொரு ஓட்டுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும், அதனால் முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும்.

மதத்தைப் பொறுத்தவரை, உங்கள் நகரங்களுக்குள் எதிரியின் மதபோதகர்கள் கூட்டமாக வந்து, மற்ற நாடுகளும் அவர்கள் பக்கம் போயிருந்தால் அலட்சியமாக இருக்காதீர்கள். வேறு வழியே இல்லாவிட்டால் அவர்கள்மேல் போர் அறிவிக்கலாம். போரின்போது சாதாரணப் படைவீரர்களே அந்தப் போதகர்களை அகற்ற முடியும்.

ஸ்பேஸ்போர்ட்டுக்கும் காவல் வேண்டும். எதிரியின் ஒற்றர்கள் அதைக் குறிவைத்துச் சேதப்படுத்துவார்கள். உங்கள் ஒற்றர்களில் ஒருவரையாவது வெளிநாட்டிலிருந்து வரவழைத்து அங்கேயே எதிர்-ஒற்றராக உட்கார வையுங்கள். எல்லையோர நகரங்களில் பழைய வில்வீரர்கள் இன்னும் நின்றால் தங்கம் கொடுத்துப் புதுப்பித்துவிடுங்கள். படை பலவீனமாகத் தெரிந்தால் கணினி எதிரிகளுக்குக் கை துறுதுறுக்கும்.

காந்தி விஷயத்தையும் பிள்ளைகள் கேட்பார்கள். முதல் பாகத்தில் காந்தியின் ஆக்ரோஷ அளவு ஒரு நிரல் பிழையால் 1இலிருந்து 255க்குத் தாவி, அவர் அணுகுண்டு போடுபவராக மாறிவிட்டார் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவியது. அப்படி ஒரு பிழையே இல்லை என்று சிட் மையர் 2020இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டார். ஆனால் கதை பிரபலமாகிவிட்டதால், பின்னால் வந்த பாகங்களில் வேண்டுமென்றே அந்தக் கேலியைச் சேர்த்தார்கள். ஆகவே பக்கத்தில் காந்தி இருந்தால் அவரிடம் யுரேனியம் இருக்கிறதா என்று ஒரு கண் வைப்பதில் தப்பில்லை.

கலாசார வழியில் போகிறவருக்கு

ஓவியம், அதிசயம் என்று ஏற்கெனவே குவித்திருப்பவர் அறிவியலுக்குத் தாவ வேண்டியதில்லை. பின்பகுதியில் அவருக்கு மூன்று ஆயுதங்கள். 'கன்சர்வேஷன்' கொள்கை வந்ததும் இயற்கையாளர்களை 'ஃபெய்த்' கொடுத்து வாங்கி தேசியப் பூங்கா அமைக்கலாம். வைர வடிவில் நாலு கட்டம், நாலும் ஒரே நகரத்துக்குச் சொந்தமாக, அழகாக, மேலே எதுவும் கட்டாமல் இருக்க வேண்டும். மலைப்பக்கத்து இடங்களைச் சும்மா விட்டு வைத்தவருக்கு இது வரப்பிரசாதம். 'ரேடியோ' வந்ததும் கடற்கரை உல்லாச விடுதிகள். 'கோல்ட் வார்' கொள்கை வந்ததும் ராக் பேண்டுகள். கிடார் தூக்கிக்கொண்டு எதிரி நாட்டுக்குள் போய்க் கச்சேரி வைத்து, ஒரே நாளில் பெரிய சுற்றுலாப் புள்ளிகளை அள்ளுவார்கள். இவர்களையும் ஃபெய்த்தால்தான் வாங்க முடியும். கலாசார ஆட்டக்காரர்கள் மதத்தைப் பற்றிக் கவலைப்படாவிட்டாலும் ஃபெய்த் சேர்க்க வேண்டும் என்று சொல்வது இதற்குத்தான்.

ராக் பேண்டை யாருக்கு அனுப்புவது? உள்நாட்டுப் பயணிகள் எந்த நாட்டுக்கு அதிகமோ, அந்த நாட்டுக்கு. மற்ற இடங்களில் கச்சேரி நன்றாக நடந்தாலும் அந்த ஒருவர்தான் உங்கள் வழியில் நிற்கும் சுவர்.

கடல் ஏறும்

'கேதரிங் ஸ்டார்ம்' சேர்த்த ஆட்டத்தில் நிலக்கரி எரித்தால் கரியமில வாயு சேரும், பருவநிலை மாறும், ஏழு கட்டங்களாக. கடல்மட்டம் ஏறும்போது தாழ்ந்த கரையோரக் கட்டங்கள் முதலில் வெள்ளத்தில் மூழ்கும், பிறகு நிரந்தரமாகவே கடலுக்குள் போய்விடும். துறைமுக நகரங்கள் வைத்திருப்பவருக்கு இது கடைசி நேரத்தில் பேரிடி. 'கம்ப்யூட்டர்ஸ்' ஆராய்ச்சி வந்ததும் வெள்ளத்தடுப்புச் சுவர் கட்டலாம், ஆனால் கடல் ஏற ஏற அந்தச் சுவரின் விலையும் ஏறும். கேம்பஸோ ஸ்பேஸ்போர்ட்டோ அப்படிப்பட்ட கட்டத்தில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இருந்தால் சுவர்தான் முதல் வேலை. இல்லாவிட்டால் சில வயல்கள் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

பக்கத்தில் உட்காருகிறவர்

இந்த ஆட்டத்தில் 'இன்னும் அரை மணி நேரம்' என்பது செல்லாது. அரை மணியில் இரண்டு டர்னும் ஓடலாம், இருபதும் ஓடலாம். டர்ன் எண்ணை வைத்துப் பேசுங்கள்: "இன்னைக்கு 240ல நிறுத்திக்கலாமா?" அது ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிற எல்லை என்பதால் தகராறு குறைவு. நிறுத்தும்போது ஒரு காகிதத்தில் மூன்று வரி: எந்த வெற்றிக்குப் போகிறோம், அடுத்த ஆராய்ச்சி எது, ஸ்பேஸ்போர்ட் எந்த நகரத்தில். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் 'நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?' என்று முழிப்பதாலேயே பாதி ஆட்டங்கள் கைவிடப்படுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. செட்டிங்ஸில் 'குவிக் மூவ்மென்ட்', 'குவிக் காம்பேட்' இரண்டையும் போட்டுவிட்டால் படைகள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 200ஆவது டர்னில் தனியாக ஒரு பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். தோற்றால் மறுபடி 1இலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், அங்கிருந்து வேறு வழியில் போய்ப் பார்க்கலாம். பெரிக்ளிஸ் கதைக்குப் பிறகு என் மகள் அதைத்தான் செய்தாள். நாலு தியேட்டர் ஸ்கொயர் கூடுதலாகக் கட்டினாள், லேசரும் போட்டாள். இரண்டு வார இறுதியில் முடிந்தது.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளோடு தமிழில் பேச விஷயம் தேடும் நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்று. இந்த ஆட்டத்தின் பெயர்ச்சொற்கள் எல்லாம் ஆங்கிலம், வினைச்சொற்கள் எல்லாம் நம் வசம். கட்டலாமா, பிடிக்கலாமா, விட்டுடலாமா, எத்தனை டர்ன் மிச்சம், இது நமக்குத் தேவையா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரம் தமிழ் தானாக ஓடும். நகரங்களின் பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் ராக்கெட் கிளம்பியது பாட்டியின் ஊரிலிருந்து.

"நம்ம ஆளுங்க யாரும் இல்லையா?" என்று பிள்ளை கேட்டால்: ஆறாம் பாகத்தில் கண்டி ஒரு நகர அரசாக வருகிறது, சோழர் இல்லை. 2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பாகத்தில் சோழர்கள் தனி நாகரிகமாகவே இருக்கிறார்கள், கடலோடிகளாக. ஆனால் ஏழில் ஆட்டம் மூன்று யுகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, வெளிவந்தபோது ஒவ்வொரு யுகத்துக்கும் நாகரிகத்தை மாற்ற வேண்டியிருந்தது. மேலே சொன்ன கணக்குகளை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

வெற்றித் திரை வந்ததும் கீழே 'ஒன் மோர் டர்ன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஆட்டம் தொடரும், இனி ஜெயிக்கவோ தோற்கவோ எதுவும் இல்லை. யுரேனியம் சேர்த்து வைத்திருந்தால், பிள்ளை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் 'ஜயன்ட் டெத் ரோபோட்'டைக் கட்டி, பெரிக்ளிஸ் வீட்டுப் பக்கம் ஒரு நடை அனுப்பி வைக்க அதுதான் சரியான நேரம்.